கிராக் போடும் கடையைப் புகார் செய்யலாமா?

முண்டியம்பாக்கத்துக்கு ரயில் நிலையம் உண்டு, சர்க்கரை ஆலை உண்டு, 2010-ல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. ஆனாலும் லேப்டாப் மக்கர் செய்தால் பெரும்பாலும் விழுப்புரத்துக்குத்தான் பஸ் ஏற வேண்டும். கடையில் நடக்கும் பேச்சு எல்லாருக்கும் மனப்பாடம். “அண்ணே, சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு.” “ஃபார்மட் அடிச்சுப் புதுசா ஓ.எஸ். போட்டுரலாம் தம்பி. ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் சேர்த்தே போட்டுத் தரேன். சாயங்காலம் வந்து வாங்கிக்க.” ஒரு பென்டிரைவ், ஓரிரு மணி நேரம், சில நூறு ரூபாய். முறைப்படி வாங்கினால் பல ஆயிரம் ரூபாய் ஆகக்கூடிய மென்பொருள்கள் மொத்தமும் பூட்டு உடைத்த ‘கிராக்’ பிரதிகளாக லேப்டாப்பில் ஏறிவிடும். பில் என்று ஒன்று கொடுத்தால் அதில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று மட்டும் எழுதியிருக்கும்.

இது விழுப்புரத்துக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை. திண்டிவனத்திலும் இப்படித்தான், சென்னை ரிச்சி தெருவிலும் இப்படித்தான். ஆனால், காகுப்பத்திலோ மேல்பாக்கத்திலோ பொறியியல் படிக்கும் பிள்ளை இதைப் பார்க்கும்போது ஒரு சங்கடம் வருகிறது. நாளைக்கு மென்பொருள் எழுதிப் பிழைக்கப் போகிறவர் அவர். தன் தொழிலின் விளைபொருளை இன்னொருவர் காசு கொடுக்காமல் எடுத்து விற்பதைக் கண்டும் காணாமல் இருக்கலாமா? காவல் நிலையத்தில் சொன்னால் அது கடமையா, காட்டிக்கொடுப்பதா?

இதற்கு நம்மிடம் இரண்டு ரெடிமேட் பதில்கள் இருக்கின்றன. சட்டம் என்றால் சட்டம்தான், புகார் செய் என்பது ஒன்று. பில் கேட்ஸுக்கு இதனால் என்ன குறைந்துவிடப் போகிறது, விட்டுத்தள்ளு என்பது இன்னொன்று. இரண்டுமே ஒரு கேள்வியைக் கேட்காமல் தாண்டிப் போகின்றன: அந்தக் கடையில் உண்மையில் இழப்பவர் யார்? அதற்கு விடை தெரிந்தால் எந்தக் கடையைப் புகார் செய்ய வேண்டும், எந்தக் கடையோடு பேச வேண்டும் என்பதும் தெளிந்துவிடும்.

சட்டம் எவ்வளவு கடுமையானது?

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. கணினி நிரல்களை இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் அது சேர்த்துக்கொண்டது 1984-ல். அதாவது, சட்டத்தின் கண்ணில் ஒரு நாவலும் ஒரு இயங்குதளமும் ஒரே இனம். தெரிந்தே காப்புரிமையை மீறுபவருக்கு 63-வது பிரிவின்படி குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாப நோக்கம் இல்லாத மீறலுக்கு நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். சார்பு ஆய்வாளர் நிலையில் உள்ள ஒரு காவல் அதிகாரி, குற்றம் நடக்கிறது என்று உறுதிப்பட்டால் வாரன்ட் இல்லாமலே பிரதிகளைக் கைப்பற்றலாம் என்கிறது 64-வது பிரிவு.

இந்தக் குற்றம் ஜாமீனில் விடக்கூடியதா இல்லையா என்பதில் உயர் நீதிமன்றங்களுக்கு இடையே பல ஆண்டுகள் கருத்து வேறுபாடு இருந்தது. 2022 மே மாதம் ‘நிட் புரோ இன்டர்நேஷனல்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது: 63-வது பிரிவுக் குற்றம், போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். அதே நேரத்தில், 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது கூடாது என்று 2014-ல் ‘அர்னேஷ் குமார்’ வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னதும் செல்லும். ஆனால், நம் ஊர்க் காவல் நிலையங்களில் இரண்டாவது தீர்ப்பைவிட முதல் தீர்ப்புதான் சீக்கிரம் நினைவுக்கு வரும். மாட்டுபவரும் பெரும்பாலும் முதலாளியாக இருக்க மாட்டார். அன்றைக்குக் கடையில் உட்கார்ந்து ஃபார்மட் அடித்துக்கொண்டிருந்த, மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் டிப்ளமோ படித்த பையனாக இருப்பார். புகார் எழுத உட்காருகிறவர் இதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் மனதில் வைக்க வேண்டிய இன்னொரு பிரிவு 63பி. கள்ளப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்துவதும் குற்றம்: 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். வியாபாரத்துக்கோ லாபத்துக்கோ பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து, 50 ஆயிரம் ரூபாய்க்குள் அபராதத்தோடு விடலாம். கடைக்காரர் மேல் புகார் எழுதும் மாணவர் அந்தப் புகாரை எந்த வேர்டில் தட்டச்சு செய்கிறார் என்ற கேள்வி இங்கே எழுகிறது.

இரண்டு பிரிவுகளுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று இருக்கிறது. தெரிந்து செய்திருக்க வேண்டும். தெரியாமல் ஏமாந்தவரைச் சட்டம் குற்றவாளி ஆக்குவதில்லை. இந்தக் கட்டுரையின் வாதமும் அந்த நிபந்தனையைச் சுற்றித்தான் வரப்போகிறது.

சினிமாவுக்கு வந்த சட்டம்

தமிழ்நாட்டில் கள்ளப் பிரதி என்றதும் யாருக்கும் மென்பொருள் ஞாபகத்துக்கு வராது. திருட்டு விசிடிதான் வரும். 2004-ல் தமிழக அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, திரைப்படங்களைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்து விற்பவர்களை அதில் சேர்த்தது. கள்ளச் சாராயம் காய்ச்சுபவரும் படத்தை சிடியில் அடித்து விற்பவரும் ஒரே சட்டத்தின் கீழ் விசாரணை இல்லாமல் உள்ளே போகலாம் என்ற நிலை வந்தது. அந்தத் திருத்தம் படத்தையும் பாட்டையும் பற்றியது, மென்பொருளைத் தொடவில்லை. திரையுலகத்துக்குக் குரல் இருந்தது, சட்டம் வந்தது. மென்பொருள் எழுதுபவர்களுக்காகக் கோட்டைக் கதவைத் தட்ட அப்படி யாரும் இல்லை.

அந்தக் கடும் சட்டம் என்ன சாதித்தது? விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது தெரிந்த கதைதான். 2018 மார்ச்சில் கேரளக் காவல் துறையின் கள்ளப் பிரதி தடுப்புப் பிரிவு, தமிழ் ராக்கர்ஸ் தளத்தை நடத்தியதாகச் சிலரைக் கைது செய்தபோது, அவர்களில் ஒருவர் விழுப்புரத்தைச் சேர்ந்தவர் என்று செய்தி வந்தது. கைதுக்குப் பிறகு அந்தத் தளம் முகவரியை மாற்றி மாற்றி மேலும் சில காலம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இதற்கு நேர்மாறாக, போலீஸ் பெரிதாகக் கை வைக்காமலேயே காணாமல் போன தொழில் ஒன்று நம் ஊர்களில் இருந்தது. மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பது. பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒவ்வொரு பஸ் நிலையத்தின் பக்கத்திலும் இரண்டு கடையாவது இருக்கும். ‘இளையராஜா ஹிட்ஸ் 500’ என்று கேட்டால் கார்டை வாங்கிக் கணினியில் செருகுவார்கள். இன்று அந்தக் கடைகளில் செல்போன் சர்வீஸும் டெம்பர்டு கிளாஸும்தான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிந்த பிறகு பாட்டு ஏற்ற யாரும் கடைக்குப் போகவில்லை. காசு கொடுக்காமலோ குறைந்த காசிலோ நேர்வழியில் பாட்டுக் கேட்க முடிந்தபோது குறுக்குவழிக்கு வேலை இல்லாமல் போனது. கணினிக் கடையின் பென்டிரைவைப் பற்றி யோசிப்பவர்கள் இந்தக் கதையிலிருந்து தொடங்குவது நல்லது.

நஷ்டக் கணக்கின் ஓட்டை

மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ. 2018-ல் வெளியிட்ட கணக்கின்படி, அதற்கு முந்தைய ஆண்டு இந்தியக் கணினிகளில் நிறுவப்பட்ட மென்பொருள்களில் 56 சதவீதம் உரிமம் இல்லாதவை. உலக சராசரி 37 சதவீதம். அவற்றின் வணிக மதிப்பு சுமார் 247 கோடி டாலர் என்றும் அது சொன்னது. அமெரிக்காவில் தங்கள் அலுவலகத்தில் நடக்கும் மீறலைக் காட்டிக்கொடுப்பவருக்கு 10 லட்சம் டாலர் வரை வெகுமதி உண்டு என்று விளம்பரம் செய்த அமைப்பும் இதுதான்.

247 கோடி டாலர் என்ற எண் சந்தை மதிப்பைச் சொல்கிறது. நிறுவனங்கள் இழந்த தொகை அவ்வளவு என்று அதைப் படிப்பதற்கு, கிராக் கிடைக்காவிட்டால் எல்லாரும் கடைக்குப் போய் முழு விலை கொடுத்து வாங்கியிருப்பார்கள் என்று நம்ப வேண்டும். பழைய லேப்டாப்பையே தவணையில் வாங்கிய விக்கிரவாண்டி மாணவர் போட்டோஷாப்புக்கு மாதச் சந்தா கட்டியிருப்பாரா? கட்டியிருக்க மாட்டார். அவரால் அடோபிக்கு வர வேண்டிய பணம் வராமல் போனது என்று சொல்வதற்கு இல்லை.

பெரிய நிறுவனங்களுக்கு இது தெரியாத விஷயமும் அல்ல. மைக்ரோசாஃப்ட் தொடங்கிய அடுத்த ஆண்டு, 1976 பிப்ரவரியில், தன் பேசிக் மென்பொருளைப் பணம் கொடுக்காமல் பிரதி எடுத்தவர்களைத் திட்டி பில் கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். 22 ஆண்டு கழித்து, 1998-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் சீனாவைப் பற்றிப் பேசும்போது அவருடைய சுருதி மாறியிருந்தது. எப்படியும் திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதைத் திருடட்டும், பழகிவிடுவார்கள், பணம் வசூலிக்கும் வழியைப் பிறகு கண்டுபிடித்துக்கொள்வோம் என்ற பொருளில் பேசினார்.

ஆக, விழுப்புரத்துப் பென்டிரைவிலிருந்து ஏறும் விண்டோஸ், மைக்ரோசாஃப்டுக்கு முழு எதிரி என்று சொல்ல முடியாது. ஒரு விதத்தில் அது சம்பளம் வாங்காத விற்பனையாளர். பள்ளி நாளிலிருந்து விண்டோஸையும் ஆபீஸையும் மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளை வேலைக்குப் போனதும், அவருக்காக அவருடைய நிறுவனம் அதே மென்பொருளைக் காசு கொடுத்து வாங்குகிறது.

அப்படியானால் இழப்பு யாருக்கு? மூன்று பேருக்கு. முதலாமவர் சிறு மென்பொருள் எழுதுபவர். நெல் மண்டி, நகைக்கடை, ஜவுளிக்கடை ஆகியவற்றுக்கு பில் போடும் மென்பொருளைத் தமிழில் எழுதி, கடை கடையாக ஏறி இறங்கி விற்பவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். தமிழ் எழுத்துருவை வரைந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். டி.டி.பி. கடைகள் பல ஆண்டுகளாக நம்பியிருந்த ஸ்ரீலிபி எழுத்துரு மென்பொருளைத் தயாரித்த புனே நிறுவனம், பிரதி எடுப்பதைத் தடுக்க டாங்கிள் என்ற பூட்டைக் கணினியில் செருகச் சொன்னது. அந்தப் பூட்டையும் உடைத்துக் கொடுத்தார்கள். பெரிய நிறுவனத்துக்கு நூறு நாடுகளில் சந்தை இருக்கிறது, ஒரு மாவட்டத்தை மறந்துவிடலாம். சிறியவருக்கு அந்த மாவட்டம்தான் சந்தை. போட்டோஷாப்பே சும்மா கிடைக்கும் ஊரில், தமிழ் பில்லிங் மென்பொருளுக்கு மூவாயிரம் கேட்டால், “இதுக்கு எதுக்கு தம்பி காசு?” என்றுதான் கேட்பார்கள்.

இரண்டாமவர் கட்டற்ற மென்பொருளை உருவாக்குபவர். கள்ள விண்டோஸ் பறிப்பது காசு கொடுத்து வாங்கும் விண்டோஸின் இடத்தை அல்ல. இலவசமாகவும் நேர்மையாகவும் கிடைக்கும் லினக்ஸின் இடத்தை. விலை இரண்டுக்கும் ஒன்றாகிவிட்டால் பழக்கம் ஜெயித்துவிடுகிறது. மூன்றாமவர் கடைக்கு வந்த வாடிக்கையாளரே.

உள்ளே என்ன இருக்கிறது?

மைக்ரோசாஃப்ட் 2018-ல் இந்தியா உட்பட 9 ஆசியச் சந்தைகளில் 166 புதுக் கணினிகளைக் கடைகளில் வாங்கிச் சோதித்தது. 83 சதவீதக் கணினிகளில் கள்ள மென்பொருள் இருந்தது. அவற்றில் 84 சதவீதத்தில் தீநிரலும் சேர்ந்தே இருந்தது என்று அது அறிவித்தது. விற்பவரே நடத்திய சோதனை என்பதால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால், 2021-ல் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் தனியாகச் சொன்னதும் இதற்கு இசைந்தே இருந்தது. விண்டோஸை ஆக்டிவேட் செய்ய நம் கடைகளில் தாராளமாகப் புழங்கும் கே.எம்.எஸ்.பிகோ என்ற கருவியின் பெயரில், கடவுச்சொற்களையும் கிரிப்டோ பணப்பைகளையும் திருடும் நிரல் பரப்பப்படுவதை அது கண்டறிந்தது.

கிராக் போடுவதன் முதல் படியே ஆன்டிவைரஸை அணைப்பதுதான். அடுத்து, ஆக்டிவேஷன் போய்விடக் கூடாது என்று அப்டேட்டையும் நிறுத்திவைப்பார்கள். 2017 மே மாதம் வானாகிரை என்ற தீநிரல் தாக்கியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. அப்டேட் போடாத கணினிகள்தான் விழுந்தன. ஆந்திரக் காவல் துறையின் கணினிகளும் அதில் சிக்கின. கதவைத் திறந்து போட்டுவிட்டுச் சாவியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வந்த வீடு போலத்தான் கிராக் போட்ட லேப்டாப். ஆதார், வங்கிக் கணக்கு, வாடிக்கையாளர்களின் கைரேகை எல்லாம் புழங்கும் இ-சேவை மையத்திலும், நோயாளிகளின் விவரம் இருக்கும் கிளினிக்கிலும், நூறு வியாபாரிகளின் கணக்கை வைத்திருக்கும் ஆடிட்டர் அலுவலகத்திலும் அப்படி ஒரு கணினி இருந்தால், இழக்கப்போவது அதன் உரிமையாளர் மட்டும் அல்ல.

பாடப்புத்தகம் அனுப்பி வைத்த கடை

கடைக்காரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது சுலபம். அவரிடம் பிள்ளைகளை அனுப்பி வைத்தது யார் என்றும் பார்க்க வேண்டும். 2019-ல் வந்த தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தைத் திறந்தால், தொடக்க அத்தியாயங்களிலேயே அடோபி பேஜ்மேக்கர் பாடம். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001-ல். 2004-ல் அடோபி அதன் மேம்பாட்டையே கைவிட்டுவிட்டது. 15 ஆண்டு கழித்து அதை நம் பிள்ளைகளுக்குப் பாடமாக வைத்தோம். முண்டியம்பாக்கத்துப் பிளஸ் டூ மாணவி வீட்டில் பயிற்சி செய்ய அந்த மென்பொருளை எங்கே போய் வாங்குவார்? அரசே மறைமுகமாக அவரைப் பென்டிரைவ் கடைக்கு வழி காட்டியிருக்கிறது.

டி.டி.பி. கடைகளின் நிலையும் இப்படித்தான். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் பழைய பேஜ்மேக்கரும் போட்டோஷாப் 7-ம், பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்றை மாற்றினால் பத்து ஆண்டு வேலையின் கோப்புகள் திறக்காது. 2013-ல் அடோபி தன் புதிய பதிப்புகளைப் பெட்டியில் விற்பதைக் கைவிட்டு மாதச் சந்தாவுக்கு மாறியது. முகூர்த்த மாதங்களில் மட்டும் வருமானம் பார்க்கும் கடைக்கு, ஆடியிலும் மார்கழியிலும் சந்தா கட்டுவது எளிதில்லை. இதைச் சொல்வதால் கிராக் நியாயம் ஆகிவிடாது. போலீஸ் வந்து கடையைச் சீல் வைத்தாலும் அவர் திரும்ப எதைக் கொண்டு தொழில் செய்வார் என்ற கேள்வி அப்படியே நிற்கும் என்பதுதான் சொல்ல வருவது.

நம் அரசுக்கு வழி தெரியாமல் இல்லை. தமிழக அரசின் எல்காட் நிறுவனம், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அதன் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், சூசே லினக்ஸுக்கு மாறிக் காட்டியது. சென்னையில் உள்ள சி-டாக் மையம் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கியது. 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாற வேண்டும் என்று தமிழக அரசு அறிவுறுத்தியது. 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துத்தான் தரப்பட்டது. ஆனால், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தர ஆள் இல்லை. லினக்ஸை அழித்துவிட்டு அந்த இடத்திலும் கிராக் விண்டோஸை ஏற்றிக்கொண்டு வந்த மாணவர்கள் ஏராளம்.

கேரளம் இதை வேறு விதமாகச் செய்தது. ஐ.டி.@ஸ்கூல் திட்டத்தில் பள்ளிகளை லினக்ஸுக்கு மாற்றியபோது, ஆசிரியர்களுக்கான பயிற்சியையும் பாடப்புத்தகத்தையும் சேர்த்தே மாற்றியது. பள்ளிகளில் உள்ள 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் கட்டற்ற மென்பொருள் பயன்படுத்தியதால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-ல் அந்த மாநிலம் கணக்குச் சொன்னது. எல்லாக் கணினிக்கும் எல்லா மென்பொருளையும் முழு விலைக்கு வாங்கியிருப்போம் என்று வைத்துப் போட்ட கணக்கு அது, பி.எஸ்.ஏ. போட்ட அதே கணக்கின் மறுபக்கம். தொகையில் சந்தேகப்படலாம். ஆனால், அங்கே ஒரு பத்தாம் வகுப்பு மாணவருக்குப் பாடம் படிக்கக் கள்ளப் பிரதி தேவைப்படவில்லை என்பதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

எந்தக் கடையைப் புகார் செய்வது?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். கிராக் போடும் கடைகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. வாடிக்கையாளருக்கு என்ன சொல்லி விற்கிறார்கள் என்பதை வைத்து இரண்டாகப் பிரிக்கலாம்.

முதல் ரகம், “ஒரிஜினல் போட்டாச்சு சார்” என்று சொல்லி, அதற்குரிய பணத்தையும் வாங்கிக்கொண்டு, கிராக் போட்டு அனுப்பும் கடை. அலுவலகத்தில் உபயோகித்துக் கழித்த லேப்டாப்பை வாங்கி, உரிமம் இல்லாத விண்டோஸைப் போட்டு, ‘ஜென்யூன்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் கடையும் இதில் சேரும். பள்ளிக்கும் கிளினிக்குக்கும் இ-சேவை மையத்துக்கும் மொத்தமாகக் கணினி கொடுக்கும்போது மென்பொருளுக்கும் சேர்த்து பில் போட்டுவிட்டுக் கள்ளப் பிரதி ஏற்றும் கடை இந்த ரகத்தில் மிக மோசமானது. இங்கே நடப்பது காப்புரிமை மீறலோடு நிற்கவில்லை. ஏமாற்று வேலையும் சேர்ந்திருக்கிறது. அசல் என்று பொய் சொல்லி விற்கப்படும் பொருளைப் போலிப் பொருள் என்றே 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வரையறுக்கிறது. அதை விற்பவருக்குத் தண்டனையும் வைத்திருக்கிறது. இந்தக் கடையைக் கட்டாயம் புகார் செய்ய வேண்டும். யோசிக்கவே வேண்டாம்.

இந்தப் புகார் காவல் நிலையத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. பணம் கொடுத்து ஏமாந்தவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பில், ஜி.எஸ்.டி. எண், ஆக்டிவேஷன் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, இவை போதும். தெரியாமல் ஏமாந்தவர் என்பதால் 63பி பற்றி அவர் பயப்படவும் தேவையில்லை. பணம் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பும் இந்த வழியில்தான் அதிகம். குற்ற வழக்கில் கிடைப்பது சாட்சி சம்மன்.

இரண்டாவது ரகம், “ஒரிஜினல் போட்டா பத்தாயிரம் கிட்ட ஆகும் தம்பி, இது டூப்ளிகேட்தான், பரவாயில்லையா?” என்று கேட்டுவிட்டுப் போடும் கடை. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் விஷயம் தெரியும். சட்டப்படி இருவருமே குற்றவாளிகள். நெறிப்படியும் இருவருமே தவறு செய்கிறார்கள். ஆனால், நேற்று வரை அங்கே போய்ப் போட்டுக்கொண்டு வந்தவர், இன்றைக்குச் சண்டை வந்ததால் புகார் எழுதினால் அது பழிவாங்கல். எதிர்க்கடைக்காரர் எழுதினால் அது வியாபாரப் போட்டி. இரண்டிலும் நியாயத்துக்கு இடம் கொஞ்சம்தான். ஒரு கடையை மூடினால் கூட்டம் அடுத்த கடைக்குப் போகும் என்பதை பர்மா பஜாரில் நடந்த சோதனைகள் பல முறை காட்டிவிட்டன.

சட்டத்தை இப்படிப் பாதி கடைக்கு மட்டும் பொருத்தலாமா என்று கேட்கலாம். மென்பொருள் எழுதும் நண்பர்கள் இதைக் கேட்கும்போது அதில் வலி இருக்கிறது. அந்த வலி நியாயமானது. தன் சொந்த மென்பொருளை ஒரு கடை உடைத்து விற்கிறது என்று தெரிந்தால், அதை எழுதியவர் தாராளமாக 63-வது பிரிவைக் கையில் எடுக்கட்டும். இழந்தவர் அவர், உரிமையும் அவருடையது. தமிழ் பில்லிங் மென்பொருள்காரர் புகார் கொடுத்தால் ஊர் அவர் பக்கம் நிற்க வேண்டும். பன்னாட்டு நிறுவனங்களுக்கோ வக்கீல்களும் தணிக்கையாளர்களும் ஆன்லைனில் உரிமத்தைச் சரிபார்க்கும் வசதியும் இருக்கின்றன. கள்ளப் பிரதியை ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி விற்ற கணினி வியாபாரிகள் மேல் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய் அவர்கள் வென்றும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு கல்லூரி மாணவர் இலவச ஒற்றராக வேலை பார்க்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

ஆனால், புகார் செய்யத் தேவையில்லை என்பதால் சும்மா இருந்துவிடலாம் என்றும் ஆகாது.

கடைக்காரரை என்ன கேட்பது?

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. நம் ஊரில் புழங்கும் பழைய லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதற்குத் தேவையான பாதுகாப்புச் சில்லோ புதிய பிராசசரோ அவற்றில் இல்லை. ‘பைபாஸ்’ செய்து போட்டுத் தரேன் என்று கடைகள் சொல்லத் தொடங்கிவிட்டன. 2014-ல் எக்ஸ்பி போனபோது தவறவிட்ட வாய்ப்பு மறுபடி வந்திருக்கிறது. அதே லேப்டாப்பில் உபுண்டுவோ லினக்ஸ் மின்டோ போட்டால் வேகமாக ஓடும். அப்டேட் தவறாமல் வரும். உரிமம் பற்றிய பயம் இல்லை.

“அது நமக்குச் சரிப்படாது” என்பார்கள். யாருக்குச் சரிப்படாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கல்லூரி அசைன்மென்ட்டுக்கு லிப்ரே ஆபீஸ் போதும். போட்டோஷாப்பில் பாஸ்போர்ட் படம் வெட்டுவதற்கு கிம்ப் போதும். ஃப்ளெக்ஸ் வரைய இங்க்ஸ்கேப் இருக்கிறது. பக்கம் அமைக்கும் ஸ்கிரைபஸ் இப்போது தமிழ் யுனிகோடை ஒழுங்காகக் கோக்கிறது. முதுநிலை மருத்துவ மாணவர்கள் ஆய்வேட்டுக்குத் தேடி அலையும் புள்ளியியல் மென்பொருளான எஸ்.பி.எஸ்.எஸ்.ஸின் இடத்தில் பி.எஸ்.பி.பி.யும் ஆர் மொழியும் காசு கேட்காமல் காத்திருக்கின்றன. டேலி வேண்டும், ஆட்டோகேட் வேண்டும், அச்சகத்துக்கு கோரல்டிரா வேண்டும் என்பவர்களுக்கு மாற்று இன்னும் முழுதாக அமையவில்லை என்பது உண்மை. அதை வைத்துச் சம்பாதிப்பவர் அதற்குக் காசு கொடுக்க வேண்டும். கொடுப்பதைத் தொழில் செலவில் எழுதிக்கொள்ளலாம். படிக்கும் பிள்ளைகளுக்கு ஆட்டோடெஸ்க் போன்ற நிறுவனங்கள் இலவசக் கல்வி உரிமமே தருகின்றன. கல்லூரிகள் அதை வாங்கிக் கொடுத்தாலே பாதிக் கிராக் குறையும்.

இதற்கு ஆள் தேடிச் சென்னைக்குப் போக வேண்டியதும் இல்லை. விழுப்புரத்திலேயே 2013 முதல் குனு/லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. கிராமப்புறக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளை இலவசமாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். 2012 முதல் ‘கணியம்’ மின்னிதழ் இவை எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிவருகிறது. கேரளத்தில் அரசு செய்ததை இங்கே தன்னார்வலர்கள் தங்கள் கைக்கு எட்டிய அளவு செய்துகொண்டிருக்கிறார்கள்.

எனவே, அந்தப் பொறியியல் மாணவருக்குச் சொல்ல வேண்டியது இது. ஏமாற்றி விற்கும் கடை என்றால் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுங்கள். உங்களுக்கு முன்னால் ஏமாந்த பத்துப் பேருக்கும் சேர்த்துத்தான் அது. தெரிந்து வாங்கித் தெரிந்து விற்கும் கடை என்றால் முதலில் உங்கள் லேப்டாப்பைச் சரி செய்யுங்கள். அப்புறம் கடைக்காரரிடம், “அண்ணே, லினக்ஸ் போட்டுத் தருவீங்களா? விண்டோஸ் போடற அதே கூலியை வாங்கிக்கங்க” என்று கேளுங்கள். அவர் இதுவரை வாங்கியதும் கூலிதான். பென்டிரைவில் இருந்ததற்கு அவர் விலை வாங்கியதே இல்லை. லினக்ஸ் போட்டாலும் அந்த வருமானம் குறையாது, போலீஸ் பயமும் இருக்காது. கேட்பவர் ஒருவராக இருந்தால் சிரிப்பார். ஒரு வகுப்பே கேட்டால் கற்றுக்கொள்வார்.

அரசுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் நேரடியானது. அடுத்த பாடநூல் திருத்தத்தில் பேஜ்மேக்கர் பாடத்தை எடுத்துவிட்டு, பிள்ளைகள் வீட்டில் சட்டப்படி நிறுவிக்கொள்ளக்கூடிய மென்பொருளை வையுங்கள். 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கையடக்கக் கணினியோ மடிக்கணினியோ தருவதாக 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்திருக்கிறீர்கள். அந்தக் கணினியோடு கட்டற்ற மென்பொருளும் அதைச் சொல்லித்தரும் ஆளும் சேர்ந்து வரட்டும். அதைச் செய்யாமல் கடைக்காரரை மட்டும் பிடித்துப் போட்டால், அரசின் பாடத்தை நம்பிப் படித்த பிள்ளைக்கு அடுத்த கடையைத் தேடுவது தவிர வேறு வழி இருக்காது.